ஓடும் லட்சணம்

உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திராமல் செய்யக்கூடிய தொழில்கள் சில உண்டு. கதை எழுதுவது அவற்றில் ஒன்று. இருபது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். என் கதைகளில் மனிதர்கள் ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறார்கள். கடன்காரனைக் கண்டு ஓடியிருக்கிறார்கள். ஒருவன் தாலி கட்டும் நேரத்தில் பந்தலை விட்டே ஓடியிருக்கிறான். அவர்கள் அத்தனை பேரும் மூச்சு இரைக்க ஓடியபோது நான் நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்வது போல, 2022-ஆம் வருஷம் ஒரு நாள் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. உள்ளே கூப்பிடறதா, அனுப்பிடறதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில். காலை ஐந்து மணிக்கு எழுந்து பத்து நிமிஷம் நடந்தால் மெரீனா. கலங்கரை விளக்கத்துக்கும் உழைப்பாளர் சிலைக்கும் இடையே தினமும் நடக்க ஆரம்பித்தேன். ஆறு மாதம் நடந்திருப்பேன். எதிர்வீட்டு பாங்க் நண்பர், என்னை விட இரண்டு வயது பெரியவர், முழங்கால் தெரியும் கால்சட்டையோடு என்னைக் கடந்து ஓடுவார். ஒரு நாள் நின்று, "எத்தனை நாளைக்கு ஸார் நடந்துக்கிட்டே இருப்பீங்க? ஓடுங்க" என்றார்.

என்னைப் பார்த்து ஒருவர் ஓடச் சொன்னது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் என்னை ஒரே ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லைக்கோட்டில் ரிப்பன் பிடிக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார். ஐந்து வருஷம் ரிப்பன் பிடித்தேன். ஜெயிக்கிறவன் நெஞ்சு எப்படி வந்து ரிப்பனில் மோதும் என்பது எனக்குத் தெரிந்த அளவு, ஜெயித்தவனுக்குக்கூடத் தெரிந்திராது. அந்த ரிப்பனின் மறுபக்கத்திலிருந்து வந்து பார்க்கவேண்டும் என்று நாற்பது வயதுக்கு மேல் ஒரு ஆசை முளைத்தது. வேறு என்ன சொல்ல?

முதல் பந்தயம் 2023 ஆகஸ்டில். 10 கிலோமீட்டர். விடியுமுன்னே ஆயிரக்கணக்கான பேர் கூடியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு, காற்றெல்லாம் வலித் தைல வாசனை. ஊக்கினால் நெஞ்சில் குத்திக்கொண்ட எண் சீட்டைத் தடவிப் பார்த்தபோது எனக்கு வயது பதினைந்து குறைந்துவிட்டது. கொம்பு ஊதியதும், குறைந்த அந்த வயதுக்குத் தகுந்தபடி ஓடினேன். இளவட்டங்களோடு இளவட்டமாக முதல் கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் கடந்தேன். நாலாவது கிலோமீட்டரில் விலாவில் கத்தி சொருகியது போல ஒரு வலி. 

ஆகஸ்ட் மாதத்துச் சென்னைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை வழியும், ஆனால் உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆகவே இட்லிப் பானைக்குள் ஓடுகிற மாதிரிதான். ஆறாவது கிலோமீட்டரிலிருந்து நடந்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு தகப்பன் தாண்டினான். அந்தக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. 1 மணி 27 நிமிஷத்தில் முடித்தேன். ஒரு வாழைப்பழமும் ஒரு பனியனும் கொடுத்தார்கள்.

தோற்ற மனிதன் அடுத்த தடவை சின்ன இலக்காக வைத்துக்கொள்வான் என்று நினைப்பீர்கள். நான் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். 21.1 கிலோமீட்டர். 2024 ஜனவரி.

இந்தப் பந்தயங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. 'இரண்டரை மணி' என்று எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடுவார். அவரை விட்டுப் பிரியாமல் ஓடினால் இரண்டரை மணியில் முடித்துவிடலாம். நான் அந்தக் கொடியைப் பிள்ளையார் மாதிரி நம்பிப் பின்னாலேயே போனேன். 12 கிலோமீட்டர் வரையில் பிள்ளையார் கண்ணில் பட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, ஒரு திருப்பத்தில் மறைந்தே போனார். பதினாலில் கெண்டைக்காலில் குறக்களி. பதினாறில் ரோட்டு நடுவிலிருந்த சுவர்க்கட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான், எழுந்திருக்க முடியவில்லை.

எல்லாருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். விழுந்தவர்களைப் பொறுக்கிக்கொண்டு போகிற வேன். அதிலிருந்த பையன், "ஏறிக்குங்க அங்கிள்" என்றான். ஏறிக்கொண்டேன். உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே, என்னை விட மெதுவாக, காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்த ஒரு பருத்த மனிதரை வேன் கடந்து போயிற்று. அவர் கையை ஆட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரே கூட்டம். காலேஜ் பெண் ஒருத்தி, கை நிறையப் பதக்கங்களோடு, எண் சீட்டுக் குத்திய நெஞ்சையெல்லாம் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் எதிரில் வந்து, "கங்கிராட்ஸ் அங்கிள்!" என்றாள். அவள் மேல் தப்பில்லை. பாவம், எத்தனை கழுத்து! "நான் முடிக்கவில்லை அம்மா" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். நான் அந்த இரண்டு விநாடியில் தலையைக் குனிந்தேன். பதக்கம் கழுத்தில் விழுந்தது.

வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பதக்கத்தைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் அதைக் கழற்றி, கூடத்தில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் காலண்டரை எடுத்துவிட்டு மாட்டினாள். "எவ்வளவு நேரம்பா ஆச்சு?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கூடத்தான் ஆச்சு" என்றேன்.

இந்த இடத்தில் என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தேன், அதோடு நின்றுவிட்டேன். கதைப் பைத்தியம் ஒரு காரணம். கணக்குப் பாடம் இன்னொரு காரணம். அப்பா திட்டவில்லை. ஆனால் உறவினர்கள் விசாரித்தால், "பையன் காலேஜ் வரைக்கும் போனவன்" என்பார். 'வரைக்கும்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அவர் எவ்வளவு வெட்கத்தை மடித்து வைத்திருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வரும். 'முடிக்கவில்லை என்று சொன்னால் என்ன?' என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். இப்போது அதே கூடத்தில் நின்று, "கொஞ்சம் கூடத்தான்" என்கிறேன். அப்பாவின் 'வரைக்கும்' என் வாயில் 'கூடத்தான்' ஆகிவிட்டது.

அந்தப் பதக்கம் ஆணியில் தொங்கியது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்து விசாரித்தார்கள். நான் எழுந்து காபி கொண்டுவரப் போய்விடுவேன். எப்படியாவது ஒரு தடவை அந்த 21 கிலோமீட்டரை நிஜமாகவே ஓடிவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று ஒரு யோசனை தோன்றியது. சீக்கிரம் ஓடவேண்டும். சீக்கிரத்துக்கு என்ன வழி? பாங்க் நண்பர் ஷூவை மாற்றச் சொன்னார்.

ஷூ விஷயத்தில் உலகம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது கடைக்குப் போனபிறகுதான் தெரிந்தது. 2017-ல் ஒரு புது மாதிரி ஷூ வந்தது. தடித்த, ஆனால் பஞ்சு போல எடையில்லாத அடிப்பாகம். அதன் நடுவே வளைந்த கார்பன் தகடு. மிதித்தால் அமுங்கி, உடனே எழும்பும். நன்றாக ஓடுகிறவர்கள் இதைப் போட்டு ஓடினால், ஓட்டத்துக்குச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 4 சதவிகிதம் மிச்சமாகிறது என்று பரிசோதனைச்சாலையில் அளந்து சொன்னார்கள். கென்யாவின் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் 42 கிலோமீட்டர் சொச்சத்தை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் ஓடியதும் இந்த ஜாதி ஷூவில்தான். தனி ஏற்பாடுகளோடு ஓடியதால் அது சாதனைக் கணக்கில் சேரவில்லை. இருந்தாலும் மனிதக் கால் ஓடியதுதானே! ஷூக்கள் உயர்ந்துகொண்டே போவதைப் பார்த்து, 2020-ல் உலகத் தடகளச் சங்கம் தலையிட்டது. ரோட்டுப் பந்தயத்துக்கான ஷூவின் அடித் தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. தகடு ஒன்றுதான் இருக்கலாம் என்று விதி போட்டது.

கடைப் பையன் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என் வயிற்றைப் பார்த்தான். பார்த்தும் விற்றுவிட்டான். பதினேழாயிரம் ரூபாய். என் நாவல் ஒன்று மறுபதிப்பு வந்ததற்குக் கிடைத்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள். இளம் பச்சையும் ஆரஞ்சுமாகக் கிளிப்பிள்ளை மாதிரி இருந்தது ஷூ. "அந்த நாவல்ல வர்றவன் கடைசி வரைக்கும் செருப்பு இல்லாமத்தானே நடக்கிறான்? அவன் சம்பாத்தியத்துலயா உங்களுக்கு இந்த ஷூ?" என்றாள். எழுத்தாளனை மணந்தவள் சில சமயம் விமரிசகர்களை விடக் கூர்மையாகப் படிக்கிறாள்.

மூன்று வாரம் சொர்க்கம். தரை என்னைத் தூக்கித் தூக்கிவிட்டது. நான் ஓடவில்லை, யாரோ ஓட்டுகிறார்கள் என்று தோன்றியது. நாலாவது வாரம் குதிகாலுக்கு மேலே, கயிறு போல இறங்கும் அந்தத் தசைநாரில் ஒரு சுருக். ஐந்தாவது வாரம் படுக்கையை விட்டு இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டவேண்டியிருந்தது. வைத்தியர், பழகாத ஷூவில் பழகாத வேகத்தில் போனால் கால் எங்கேயாவது கணக்குத் தீர்த்துக்கொள்ளும் என்றார். ஆறு வாரம் ஓடக்கூடாது என்று உத்தரவு.

அந்த ஆறு வாரத்தில் ஓட்டக்காரர்களைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-ல் ரோமாபுரியின் கல் பாவிய தெருக்களில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில் ஜெயித்தார். நம் சிவநாத் சிங், பெரும்பாலும் வெறுங்காலோடு ஓடிய ராணுவச் சிப்பாய். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடினார். இந்தியாவில் அதை முறியடிக்க நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒருவரும் பிறக்கவில்லை. 

ஆனால் இதிலிருந்து ஷூவே வேண்டாம் என்று கிளம்பினாலும் தப்பு. அதே பிகிலா 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடினார். அதுவும் குடல்வால் ஆபரேஷன் ஆன சில வாரங்களில். ரோமை விட மூன்று நிமிஷம் குறைத்து, மறுபடியும் ஜெயித்தார். ஷூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிகிலா பிகிலாதான். நான் ஷூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் யார் என்பதுதான் கேள்வியாக நின்றது.

ஜூன் மாதம் மறுபடி கடற்கரைக்குப் போனேன். பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு, பயந்து பயந்து ஓடினேன். காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் வெள்ளைச் சட்டை, வேட்டியோடு ஒரு பெரியவர் தினமும் உட்கார்ந்திருப்பார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் நான் மூச்சு வாங்க அவர் பக்கத்தில் நின்றபோது, திரும்பாமலே பேசினார்.

"தம்பி, ஒரு வாரமா உங்களைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"என்ன கேட்டீங்க ஐயா? எனக்குக் காதில் விழலையே."

"உங்களை ஒண்ணும் கேக்கலை. உங்க காலைக் கேக்கறேன். கண்ணு சரியாத் தெரியாது எனக்கு. காது இருக்கு. டப்பு டப்புன்னு அறையறீங்களே, அந்த ரோடு உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

முப்பத்தாறு வருஷம் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவராம். இப்போது மகன் வீட்டில். டிரில் மாஸ்டர் என்றதும் என் கை தானாக ரிப்பனைத் தேடியது.

"காலை எங்கே வைக்கறீங்க? முழங்காலுக்கு முன்னாடி, எட்டி, குதிகால்ல வைக்கறீங்க. அது ஓட்டமில்லை, பிரேக்கு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிரேக்கு. பிரேக்கைப் போட்டுக்கிட்டே வண்டியை ஓட்டினா, வண்டி என்ன ஆகும்?"

நான் படித்தவன் அல்லவா? விட்டுக்கொடுப்பேனா? "ஓடுகிற லட்சணத்தில் என்ன ஐயா இருக்கு? ஜாடோபெக் தலையை ஆட்டிக்கிட்டு, முகத்தைக் கோணிக்கிட்டு, தூக்குமேடைக்குப் போறவர் மாதிரி ஓடுவாராம். 1952-ல் ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூணுக்கும் தங்கம் வாங்கினாரே" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "அவர் மூஞ்சியைத்தான் தம்பி எல்லாரும் பார்த்தாங்க. காலை யாரு பார்த்தாங்க?"

எனக்குப் பதில் இல்லை.

"ஷூவைக் கழட்டுங்க. இங்கேருந்து அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றார்.

வெறுங்காலோடு நடைபாதைக் கல்லில் ஓடினேன். பத்து அடி போவதற்குள் ஒரு அதிசயம் நடந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. கால் தானாகச் சுருங்கிக்கொண்டது. எட்டி வைத்தால் குதிகால் கல்லில் இடித்து மண்டை வரை தெறித்தது. ஆகவே அடி குட்டையாயிற்று. பாதத்தின் முன்பாகம் முதலில் பட்டது. உடம்புக்கு நேர் கீழே பட்டது. ஹார்வர்டிலிருந்து லீபர்மன் என்ற பேராசிரியர் 2010-ல் இதைத்தான் அளந்து எழுதியிருக்கிறார்: வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் பாதத்தின் முன்பாகத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது உண்டாகிற அந்த முதல் அதிர்ச்சி அவர்களுக்கு அநேகமாக இல்லை. ஆனால் புத்தகத்தில் படித்தது வேறு. காலே எழுந்து நின்று சொல்வது வேறு. திரும்பி வந்தேன்.

"இப்ப சத்தம் வரலை பாருங்க. காலுக்குத் தெரியும் தம்பி. மெத்தையைக் கட்டி நீங்க அதை மறக்கடிச்சிட்டீங்க. ஷூவை விட்டுடுங்கன்னு சொல்லலை. கண்ணாடித் துண்டு கிடக்கிற ஊரு இது. ஷூவுக்குள்ளேயும் வெறுங்கால் மாதிரி ஓடுங்க. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து பாடம். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடி வைக்கிறேன் என்று எண்ணச் சொன்னார். 148 வந்தது. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாருமே 180-க்குக் குறையாமல் வைத்தார்களாம். அதைச் சொன்னேன். "அது அவங்க கணக்கு. நீங்க பத்துப் பன்னெண்டு அடி கூட்டினா போதும். வேகத்தைக் கூட்டாதீங்க; அடியைக் குறைச்சு, எண்ணிக்கையைக் கூட்டுங்க" என்றார். தோளை இறக்கு, முட்டியை இறுக்காதே, உள்ளங்கையில் ஒரு கோழிமுட்டை இருக்கிறதாக நினைத்துக்கொள், தரையைப் பார்க்காதே. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: "பக்கத்துல ஒருத்தர் இருக்கார்னு வெச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே ஓடணும். பேச முடியலேன்னா அது உங்க வேகம் இல்லை. யாருடைய வேகத்தையோ கடன் வாங்கி ஓடறீங்க."

கடன் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

"அவசரமா ஐயா ஒரு அரை மாரத்தான் முடிக்கவேண்டியிருக்கு" என்றேன்.

அவர் காந்தி சிலை இருக்கும் திக்கில் கையைக் காட்டினார். "அவரைப் பாருங்க. 1930-ல அறுபது வயசு அவருக்கு. தண்டிக்கு 385 கிலோமீட்டர். 24 நாள் நடந்தார். நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர், அவ்வளவுதான். உப்பு எங்கேயும் ஓடிப் போயிடலை."

பதினாறு! வேறு எந்த எண்ணாவது வந்திருக்கக்கூடாதா?

"இதுவரைக்கும் எத்தனை பந்தயம் ஓடியிருக்கீங்க?"

"இரண்டு."

"ரெண்டும் முடிச்சீங்களா?"

நான் பேசவில்லை. அலைச் சத்தம் கேட்டது. காலடிச் சத்தத்தைக் கேட்டே ஆளைக் கண்டுபிடிக்கிறவரிடம், பேசாமல் இருப்பதை மறைக்க முடியுமா? அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்றார்.

அன்று ராத்திரி மகள் கூடத்தில் தரையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் ஆணியிலிருந்து பதக்கத்தை எடுத்தேன்.

"அம்மா, இது என்னோடது இல்லை" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தாமல், "தெரியும்பா" என்றாள்.

எனக்கு நின்ற இடத்தில் கால் சில்லிட்டது. எண் சீட்டுக்குப் பின்னால் ஒரு மின்னணுச் சில்லு ஒட்டியிருப்பார்கள். வழியில் அங்கங்கே விரித்திருக்கும் பாயை மிதிக்கும்போது, இன்னார் இத்தனை மணிக்குத் தாண்டினார் என்று பதிவாகும். அதைத் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்தே கைப்பேசியில் பார்க்கலாம். அவள் அன்று விடியற்காலை எழுந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஐந்து, பத்து, பதினைந்து. பதினைந்துக்கு அப்புறம் அப்பா எந்தப் பாயையும் மிதிக்கவில்லை. கடைசியில் என் எண்ணுக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரம் அவள் என்ன பாடுபட்டிருப்பாள்! நான் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறேனோ என்றுதான் நினைத்திருப்பாள். கதவைத் திறந்தபோது அவள் முதலில் பார்த்தது பதக்கத்தை அல்ல, என்னைத்தானோ என்னவோ.

"தெரிஞ்சா ஏம்மா மாட்டினே?"

"நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தீங்கப்பா. இதை மாட்டினா நிமிருவீங்கன்னு நினைச்சேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வீட்டில் ஆறு மாதமாக ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். மற்ற இரண்டு பேரும், என்னைக் கண்டுபிடித்துவிடாமல் ஜாக்கிரதையாக விளையாடிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவின் 'வரைக்கும்' கூட எனக்காகத்தான் சொன்னதோ? இவ்வளவு நாள் அது அவருடைய வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

"தூக்கிப் போட்டுடலாமா?" என்றேன்.

அவள் யோசித்தாள். "வேண்டாம்பா. அங்கேயே இருக்கட்டும். ஓடி முடிச்சிட்டு வந்து சரி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தாள். கணக்கில் அவள் என்னைப் போல இல்லை.

அதற்கப்புறம் ஓட்டம் லேசாகிவிட்டது. கால் அல்ல, மனசு. யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். சத்தம் வராமல் ஓடினால் போதும். மழைக்காலம் முடிந்த ஒரு நாள் பெஞ்சைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் பெரியவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "நம்ம கதை எழுதற தம்பி இன்னிக்கு வரலை போலிருக்கே" என்று சொல்வது காதில் விழுந்தது. திரும்பிப் போய் வணக்கம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அப்படியே போய்விட்டேன். எனக்குக் கிடைத்த பரிசுகளில் அது ஒன்று.

2025 ஜனவரியில் மறுபடி ஒரு 10 கிலோமீட்டர் பந்தயம் ஓடினேன். பழைய ஷூ. கொம்பு ஊதியதும் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம் என்ற கணக்கில், பக்கத்தில் ஓடிய தபால் இலாகாக்காரர் ஒருவரோடு வெங்காய விலை பேசிக்கொண்டே போனேன். எட்டாவது கிலோமீட்டரில், முதலில் தாண்டிப் போனவர்களில் சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. விலா வலி எனக்குத் தெரியுமே! 1 மணி 14 நிமிஷம். ஒரு அடிகூட நடக்கவில்லை. பாங்க் நண்பர் ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, எனக்காக வாழைப்பழத்தோடு காத்திருந்தார்.

பதினேழாயிரம் ரூபாய் ஷூ பரணில் இருக்கிறது. அது வந்த பெட்டியில் மனைவி மின்சார ரசீதுகளைப் போட்டு வைக்கிறாள். நல்ல கெட்டிப் பெட்டி என்று சொல்கிறாள். அரை மாரத்தான் இன்னும் பாக்கி. வாரத்துக்கு ஒரு நாள் நீண்ட ஓட்டம். பதினாறைத் தாண்டிப் பதினேழு வரை வந்திருக்கிறேன். பதினாறாவது கிலோமீட்டரில் இப்போதும் ரோட்டு ஓரத்துச் சுவரெல்லாம் உட்காரச் சொல்லிக் கூப்பிடும்.

பதக்கம் ஆணியில்தான் தொங்குகிறது. யாராவது கேட்டால் இப்போது காபி கொண்டுவர எழுந்து போவதில்லை. எழுதாத நாவலுக்குப் பதிப்பாளரிடம் முன்பணம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் எழுதிக்கொடுத்த பழக்கம் எனக்கு உண்டு. ஒரு தடவையும் எழுதாமல் ஏமாற்றியதில்லை. தவணை தப்பியதுதான் உண்டு. "இதுவும் முன்பணம்தான், ஓடிக் கழிக்கவேண்டும்" என்று சொல்லிவிடுகிறேன்.